சிப்ட் அக்கா சுவரில் மாட்டிய வருடம்

பாயா ரும்புட்டிலிருந்து மெயின் ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. பைக்குள் மூன்று சட்டை, இரண்டு காற்சட்டை, ஒரு துண்டு, சுருட்டி ரப்பர் வளையம் போட்ட புதுக் கலண்டர் ஒன்று. முப்பது வருடமாக ஊர் மாறுகிறேன். எண்ணெய்ப்பனைத் தோட்டம், கார் கழுவும் இடம், சாப்பாட்டுக்கடையின் பின்கட்டு, லாரி உதவியாள் வேலை என்று எத்தனையோ இடங்களை விட்டு நடந்திருக்கிறேன். எங்கிருந்தும் கலண்டர் எடுத்து வந்ததில்லை. நாளை எங்கே என்று தெரியாதவனுக்குத் தேதி எதற்கு?

கலண்டரைக் கொடுத்தவர் சிப்ட் அக்கா.

குருபோங்கிலிருந்து புக்கிட் பெருவாங் வரை வீடுவீடாகத் தேடினாலும், சிப்ட் அக்காவைப் போல ஒரு வருடத்தை அடக்கி ஆளும் மனிதப்பிறவி கிடைக்காது. மந்திரிகளுக்கே அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று தெரியாது. அக்காவுக்கோ, வருகிற நவம்பரில் ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் வீட்டுப் பூனை எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கும் என்று தெரியும். பூனையும் பெரும்பாலும் அப்படியே படுத்திருக்கும்.

பதினெட்டு வருடம் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் சிப்ட் வேலை பார்த்து, லைன் லீடராக இருந்தவர். அவருடைய நிஜப் பெயர் எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. வாரத்தில் ஐந்து நாள் லாரியோடு வெளியூரில் இருக்கும் அவர் கணவரே போனில், "சிப்ட்டு, சாப்ட்டியா?" என்றுதான் கேட்பார். அக்கா என்னைவிட ஏழு வயது இளையவர். நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை அண்ணே என்றார். எங்களில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை.

அந்த லைனை மூடி அவரை வீட்டுக்கு அனுப்பியபோது, அக்கா தொழிற்சாலையையும் கூடவே கூட்டிவந்துவிட்டார். தொழிற்சாலைத் தரையில் எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று மஞ்சள் டேப் ஒட்டியிருப்பார்கள். அக்கா வீட்டிலும் ஒட்டினார். செருப்புக்கு ஒரு கட்டம், தண்ணீர்க் குடத்துக்கு ஒரு கட்டம், பூனையின் தட்டுக்கு ஒரு கட்டம். பின்னறையை வாடகைக்குக் கேட்டு நான் போன முதல் நாள், பெயர்கூடக் கேட்கவில்லை.

"அண்ணே, உங்க சிலிப்பர் லைனுக்கு வெளியில நிக்குதுலா."

அவர் கணவர் மெதுவாக என் காதில் சொன்னார். "பார்த்து நடந்துக்குங்க. போன வாரம் நான் சோபாவுல படுத்திருந்தேன். என்னையும் சுத்தி டேப் ஒட்டிட்டா."

அந்த வீட்டில் நான்கு பிள்ளைகள். கடைசி இரண்டு பெண்களும் அக்காவுடையவர்கள். ஐந்து வயது, நான்கு வயது. நான்கு வயதுக்காரி குட்டி. மற்ற இருவரும் அவருடைய தம்பி பிள்ளைகள். யாழினிக்கு எட்டு, அவள் தம்பிக்கு ஆறு. அக்காவின் தம்பி கல்யாணத்தைப் பதியவில்லை, பிள்ளைகளின் பிறப்பையும் பதியவில்லை. மனைவி செத்த பிறகு ஒரு நாள் எங்கும் பதியாமல் அவனும் காணாமல் போனான். பிறப்புப் பத்திரம் இல்லாததால் யாழினி பள்ளி வாசலை மிதித்ததே இல்லை. அக்கா ஆபீஸ் ஆபீஸாக அலைந்து விண்ணப்பம் போட்டிருந்தார். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியையும் நல்ல மாதிரிதான்.

"பேப்பர் வந்தா சேர்த்துக்கறேன்மா. ஆனா வயசுப்படிதான் உக்காரணும். அடுத்த வருஷம் ஒம்பது. மூணாம் ஆண்டு. எழுத்து தெரியாம அங்க வந்தா, பிள்ளை மூலையில போய் உக்காந்துக்கும். அப்புறம் எழுப்ப முடியாது."

இதை அக்கா வந்து என்னிடம் சொன்னார். எனக்கு அந்த மூலையைத் தெரியும். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் ஆண்டில் அங்கேதான் இருந்தேன். அங்கிருந்து நேராக வெளியே நடந்தவன், இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன்.

ஆக, கையில் ஒரே ஒரு வருடம். ஜனவரி முதல் வாரத்தில் அக்கா திட்டம் போட்டார். கூடத்தில் வெள்ளைப்பலகை வந்தது. தரையில் நான்கு மஞ்சள் கட்டங்கள், நான்கு பாய்கள். ஸ்டேஷன் ஒன்று முதல் நான்கு வரை. காலை ஏழு ஐந்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். அக்கா தன் பழைய தொழிற்சாலை மேலங்கியையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு பிரீஃபிங் கொடுப்பார்.

"இன்னிக்கு டார்கெட் பன்னெண்டு எழுத்து. மொத்தம் இருநூத்தி நாப்பத்தேழு. அப்படின்னா தமிழ் மூணு வாரத்துல முடிஞ்சிரும். அப்புறம் மலாய் லைனை ஓட்டலாம். கேள்வி இருக்கா?"

"பசிக்குது" என்றாள் குட்டி.

ஜன்னல் கம்பியில் சைக்கிள் மணி ஒன்றைக் கட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டிருந்தார். புரியவில்லை என்றால் கயிற்றை இழுக்க வேண்டும். மணி அடித்தால் லைன் ஸ்டாப். எல்லாரும் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், அக்கா வந்து பார்ப்பார். முதல் நாள் லைன் முப்பத்தொரு முறை நின்றது.

"ஸ்டேஷன் நாலு, ஏன் நிறுத்துனீங்க?"

"பூனை என்னைப் பார்க்குது."

"பார்த்தா என்ன?"

"ஏன் பார்க்குதுன்னு புரியல."

விதிப்படி அது சரியான காரணம். முப்பத்தொன்றையும் இழுத்தது குட்டிதான். யாழினி ஒரு முறைகூட இழுக்கவில்லை.

லைன் இருந்தால் சரக்கைச் சோதிக்க QC வேண்டும் அல்லவா? மாலை வேலைக்குப் போகும் என்னைப் பிடித்தார். யாழினி படிப்பதைக் கேட்க வேண்டியது, சரியாக இருந்தால் நோட்டில் முத்திரை குத்த வேண்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவரை எந்த முதலாளியும் என்னிடம் முத்திரை கொடுத்ததில்லை. யாழினி சின்னக் குரலில் மடமடவென்று படிப்பாள். நான் தலையாட்டுவேன், குத்துவேன். மூன்று வாரத்தில் நோட்டு முழுக்க நீல முத்திரை. அக்கா பலகையில் 'டார்கெட் நூறு' என்று எழுதி, எல்லாருக்கும் மைலோ கலக்கினார்.

அந்த மைலோ ஆறுவதற்குள் விஷயம் வெளிவந்துவிட்டது. யாழினி எல்லாருக்கும் கதை படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தைப் புரட்டும்போது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டன. படத்தில் இருந்த ஆமை போய் யானை வந்துவிட்டது. யாழினியோ ஆமைக் கதையைத் தொடர்ந்து படித்துக்கொண்டே இருந்தாள். ஒரு பிழையும் இல்லாமல். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

அக்கா குவளையைக் கீழே வைத்தார். பிள்ளைக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அக்கா படித்துக் காட்டியதையெல்லாம் காதால் பிடித்து மனப்பாடம் செய்திருக்கிறாள். யாழினி முகம் சுருங்கி, பாயோடு நகர்ந்து சுவர் மூலைக்குப் போய்விட்டாள். தலைமையாசிரியை சொன்ன அதே மூலை, நம் வீட்டிலேயே.

"யாருண்ணே QC?"

"நாந்தாங்கா."

"ஆமை எங்க, யானை எங்க? கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"கண்ணு தெரியும்" என்றேன். இனி மறைக்க என்ன இருக்கிறது? "நான் எழுத்துக்கூட்டி ஒரு வரி முடிக்கறதுக்குள்ள பிள்ளை அடுத்த பக்கம் போயிருது. கேட்டா மானம் போகும்னு குத்திட்டேன்."

ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். ஏச்சு எனக்குப் புதிதல்ல, பையைக் கட்ட ஐந்து நிமிடம் போதும். அக்கா தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"பேக்டரியிலயும் இதே கதைதாண்ணே. பயந்த பிள்ளை லைனை நிறுத்தவே மாட்டா. ரிஜெக்ட் பூரா அவகிட்டேருந்துதான் வரும். மூணு வாரமா இவ கயித்தைத் தொடல. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். தப்பு லீடர் மேல." பிறகு டேப் சுருளை எடுத்தார். யாழினி உட்கார்ந்திருந்த மூலைக்குப் போய், அவள் பக்கத்தில் தரையில் ஐந்தாவது கட்டத்தை ஒட்டினார். "உக்காருங்க. ஸ்டேஷன் அஞ்சு."

எனக்கு அப்போது வயது நாற்பத்தேழு. உட்கார்ந்தேன்.

மறுநாள் பலகை வீட்டுக்குப் பின்னால் போய், கோழிக்கூண்டுக்குக் கூரையானது. சீனர் மளிகைக்கடையில் சும்மா கொடுக்கும் குதிரைக் கலண்டர் ஒன்று சுவருக்கு வந்தது. பெரிய பெரிய எண்களும், பந்தய நாட்களுக்குக் குதிரைப் படமும் போட்டது. வருடத் திட்டத்தைப் புதிதாகப் போட்ட அக்கா, எந்த நாளில் படிப்பது என்று முதலில் எழுதவில்லை. எந்த நாளில் படிக்கப்போவதில்லை என்று எழுதினார். தைப்பூசம், தீபாவளி வாரம், கணவர் லாரி இல்லாமல் வீட்டில் இருக்கும் நாட்கள். ஒவ்வொரு மாதமும் நான்கு நாள் காய்ச்சல்.

"காய்ச்சல் வராட்டி?"

"வரும்."

"யாருக்குக்கா?"

"நாலு பிள்ளை இருக்குலா அண்ணே. யாருக்காவது வரும்."

ஏப்ரலில் யாருக்கும் வரவில்லை. அக்கா ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டுப் பார்த்து ஏமாந்தார். ஒதுக்கியது ஒதுக்கியதுதான் என்று நான்கு நாளும் பிள்ளைகள் காண் என்கிற சாக்கடை வாய்க்காலில் தவளை பிடித்தார்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறைச் சுற்றி ஒரு வட்டம். அதற்கு அக்கா வைத்த பெயர் சர்வீஸ் நாள். "மெஷினுக்கே மாசத்துல ஒரு நாள் சர்வீஸ் இருக்கு. மனுசனுக்கு வேணாம்?" அன்று ஆட்டிறைச்சி சமைப்பார். வேறு எதுவும் நடக்கக்கூடாது.

மிச்சமிருந்த நாட்களில் காலை இரண்டு மணி நேரம். அவ்வளவுதான் படிப்பு.

"நாலு பிள்ளைக்கு நாலு லைன் ஓட்டுனா நான் செத்துருவேண்ணே. இனி ஒரே லைன். ஒரு வாரத்துக்கு ஒரே கதை, ஒரு வாரம் தமிழ், ஒரு வாரம் மலாய். குட்டி அதுக்குப் படம் போடட்டும். அவ அக்கா தெரிஞ்ச எழுத்தைத் தேடி வட்டம் போடட்டும். தம்பி ஒரு வரி பார்த்து எழுதட்டும். யாழினி படிக்கட்டும்."

"நான்?"

"நீங்க யாழினிக்கு அப்புறம் படிங்க. அவளைவிட மெதுவாப் படிக்க ஓர் ஆள் அவளுக்கு வேணும்."

நான் வாழ்க்கையில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். இவ்வளவு பொருத்தமான வேலை அமைந்ததில்லை. யாழினி ஒரு சொல்லில் திணறுவாள், நான் அதே சொல்லில் விழுந்தே விடுவேன். மூன்றாம் வாரம் நான் ஒரு சொல்லை ஊகத்தில் தாண்டப் பார்த்தேன். பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு கயிற்றை இழுத்தது. டிங்.

"அங்கிள் பொய் சொல்றாரு" என்றாள் யாழினி. அது அவள் அடித்த முதல் மணி. மறுநாள் தனக்காக அடித்துக்கொண்டாள். அதன் பிறகு பூனையைப் பற்றிக் கேட்கக் குட்டிக்குக் கயிறே கிடைக்கவில்லை.

கணக்கு, வெள்ளிக்கிழமை காலைப் பாசாரில். வெண்டைக்காயை எண்ணி, கெம்போங் மீனைத் தூக்கிப் பார்த்து எடையை ஊகிக்க வேண்டும். "ஏன்டா, ஸ்கூல் போகலையா?" என்று மீன்காரர் கேட்டால், யாழினியின் தம்பி நிமிர்ந்து சொல்வான். "இது அவுட்டோர் சிப்ட் அங்கிள்."

வருடக் கடைசியில் பத்திரம் வந்தது. ஐந்து ஸ்டேஷன்காரர்களும் அக்காவோடு பள்ளிக்குப் போனோம். நானும் போனேன், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தலைமையாசிரியை மூன்றாம் ஆண்டுப் புத்தகத்தைத் திறந்து யாழினி முன் வைத்தார். அவள் படித்தாள். மெதுவாகத்தான். ஆமை வேகம், ஆனால் இந்த முறை புத்தகப் பக்கத்தில் இருந்த ஆமை. அக்கா மேலங்கிப் பையில் கைவிட்டு டேப் சுருளை இறுகப் பிடித்திருந்தார். நான்காவது வரியில் ஒரு நீளமான சொல். யாழினி நின்றாள். மனப்பாடப் பிள்ளையாக இருந்தால் இந்த இடத்தில் எதையாவது சொல்லித் தாண்டிவிடும்.

அவள் கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். அங்கே கயிறு இல்லை. இல்லாத கயிற்றை இழுத்தாள்.

"டிங்! லைன் ஸ்டாப். இது எனக்குத் தெரியல டீச்சர்."

தலைமையாசிரியை திடுக்கிட்டு எங்களைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தார். ஆசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு யாழினி பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சொல்லைப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார். பிறகு கேட்டார். "ஜனவரியில முன்வரிசையில உக்காருறியா? எனக்கு இப்படி நிறுத்துற பிள்ளை ஒண்ணு வேணும்."

வெளியே வந்ததும் அக்கா அழவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினஞ்சு நிமிசம் லேட். வேன்ல ஏறுங்க" என்றார்.

ஜனவரியில் பெரிய பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போனார்கள். இரண்டு மணி நேரம் சத்தமாக இருந்த கூடத்தில் இரண்டு கட்டங்கள் காலியாயின. ஓரிடத்தில் ஒரு வருடம் எனக்கு அதிகம். போகிறேன் என்றேன். ஏன் என்று அக்கா கேட்கவில்லை. ரப்பர் வளையம் போட்ட கலண்டரை நீட்டினார்.

"ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வட்டம் போட்டிருக்கேன். பன்னெண்டு மாசமும். எங்க வேணா போங்க, அன்னிக்கு வந்துரணும். ஸ்டேஷன் அஞ்சு டேப்பை நான் பிய்க்க மாட்டேன்."

மறுநாள் காலை புக்கிட் பெருவாங்கில் ஒரு ஹார்ட்வேர் கடைக் கிடங்கில் வேலை கேட்டேன். கடை முதலாளியான தௌக்கே ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். மலாயில் பாதுகாப்பு விதிகள். இப்படிப்பட்ட தாள்களில் முப்பது வருடமாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். எழுத்துக்கூட்டிக்கொண்டே வந்தேன். ஆறாவது விதியில் ஒரு சொல் புரியவில்லை. என் கை தானாகத் தலைக்கு மேல் போய்விட்டது. வாயால் மணியடிக்க வெட்கமாக இருந்ததால், "இது தெரியல, தௌக்கே" என்று மட்டும் சொன்னேன். அவர் விளக்கினார். கையெழுத்துப் போட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு, சரியா?" என்றார்.

"ரெண்டாவது ஞாயிறு மட்டும் முடியாது."

"ஏன்?"

எந்த முதலாளியிடமும் நான் சொல்லியிராத காரணம் ஒன்று அன்று வாயில் வந்தது. "வீட்டுக்குப் போகணும்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கையுறையைத் தூக்கிப் போட்டார். முதல் லாரிக்குச் சிமெண்ட் ஏற்றத் தொடங்கினேன்.