கப்பித்தான் அக்கா மலையேறிய சனிக்கிழமை

திசைகாட்டியைக் கண்டுபிடித்தவர் எங்கள் பாளையங்கோட்டை மகளிர் விடுதிச் சமையலறையில் ஒரு வாரம் எடுபிடி வேலை பார்த்திருந்தால், கருவியைத் தாமிரபரணியில் வீசிவிட்டு ஊர்போய்ச் சேர்ந்திருப்பார். அங்கே இடது, வலது எதுவும் செல்லாது. காற்றுகள்தான் திசை. "உப்பு வாடைப் பக்கம் இருக்கு. நீ என்னத்துக்குக் கச்சான் பக்கம் தடவுத?" என்பாள் சமையல்கார அக்கா. வாடை என்றால் வடக்கு, கச்சான் என்றால் மேற்கு என்று விளங்க எனக்கு மூன்று மாதமும் இரண்டு சூட்டுக் கொப்புளங்களும் ஆயின.

கடலோரத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். சாம்பார் அண்டாவை விடுதிப் பெண்கள் நாங்கள் முறைவைத்துத் தூக்கிப்போகும்போது, துறைக்குள் கப்பலை நுழைப்பவள்போல முன்னால் நடந்து கையசைப்பாள். "பைய, பைய. இன்னும் கொஞ்சம் கச்சான்." கப்பல் தலைவரை அவள் ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரையே அவளுக்கு வைத்துவிட்டோம்: கப்பித்தான் அக்கா. சொந்தப் பெயர் ஆதார் அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது.

ஒரு இரண்டாம் சனிக்கிழமைக்கு நானும் களக்காட்டுச் செல்வியும் இன்னும் இரண்டு பேரும் மருந்துவாழ் மலைக்குப் போய்வரத் திட்டம் போட்டோம். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உச்சியில் நின்றால் கடல் விரிந்து கிடக்கும். அக்காவையும் கூப்பிட்டேன்.

"கடலப் பாக்க எதுக்குட்டி மலை ஏறுதிய? கடலு கீழல்லா கெடக்கு" என்றாள்.

பேச்சு அதோடு முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்துக் கருவாட்டுப் பையோடு வந்து நின்றார் அவள் தம்பி சூசை. மாதம் ஒருமுறை வருவார். வந்தால் ஒரே பாட்டுதான்.

"முட்டு தேஞ்சு போச்சு. மாடி ஏற முடியல ஒன்னால. வேலைய விட்டுட்டு வீட்டுக்கு வா யக்கா."

"மாடியா? நான் அந்த மருந்துவாழ் மலையவே ஏறுவேம்லே."

"ஏறிரு. பெறவு நான் வாயத் தொறக்க மாட்டேன். ஏறலன்னா துணிமணியக் கட்டு."

"நான் ஏறுனது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"சனிக்கிழம நான் அந்த மலைக்கு நேரா கடல்லதான் கெடப்பேன். பதினோரு மணிக்கு உச்சியில நின்னு மஞ்சத் துணி ஒண்ண வீசு. கடல்காரன் கண்ணுக்குத் தப்பாது."

அக்கா போய்விட்டால் எங்கள் சாப்பாடு போச்சு. இவளுக்கு முன்பிருந்த சமையல்காரரின் ரசத்தை நினைத்துக்கொண்ட செல்வி, "முதுகுல தூக்கிட்டாவது ஏறிருதேன்" என்று என் காதில் சொன்னாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். விடுதி விருந்தினர் அறையின் மஞ்சள் போர்வை அக்கா கையில். அதோடு விட்டாளா? புளியோதரை, அவித்த முட்டை, ஒரு சீப்புப் பழம் எல்லாவற்றையும் அந்தப் போர்வைக்குள்ளேயே வைத்து மூட்டை கட்டிவிட்டாள். கேட்டதற்கு, "ரெண்டு சுமை எதுக்கு?" என்றாள். கொடிக்குள் சோற்றைக் கட்டிக்கொண்டு மலையேறிய கூட்டம் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

நாகர்கோவிலில் பஸ் மாறி, பொற்றையடியில் இறங்கி, ஏறத் தொடங்கினோம். முதல் நூறு படி அக்கா எங்களுக்கு முன்னால் போனாள். அடுத்த நூறு எங்களோடு. அப்புறம் ஒவ்வொரு நிழலிலும் நின்று, "இது என்ன மரம்? உக்காந்து யோசிப்போம்" என்றாள். நான் மணியைப் பார்த்துப் பார்த்து மேலும் கீழும் ஓடியதில் அந்த மலையை இரண்டு முறை ஏறியிருப்பேன்.

"ஏட்டி, நீ சும்மா நில்லு. ஒன்னப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது."

உச்சிக்குச் சற்றுக் கீழே, பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், அக்கா மூட்டையைப் பாறையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். முட்டு பூட்டிக்கொண்டதாம்.

"குடுங்கக்கா, நான் ஓடிப்போய் வீசிருதேன்" என்றேன்.

"நான் வீசுதேன்னுதான சொன்னேன்? நீ வீசுனா அது என்னது?"

இந்த வாக்குவாதத்துக்கு நடுவில் ஒரு தாட்டியான குரங்கு வந்து மூட்டையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. உச்சிப் பாறையில் ஏறி, முடிச்சைப் பிய்த்து, போர்வையை ஓங்கி உதறியது. முட்டை ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம். இன்னும் ஏதாவது விழும் என்ற நம்பிக்கையில் மறுபடியும் உதறியது. பிறகு தலையில் போட்டுக்கொண்டு குதித்தது.

அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். காற்றிரைச்சலோடு சூசை.

"யக்கா, தெரியுது. மஞ்சளா நல்லாத் தெரியுது."

அக்கா குரங்கை அண்ணாந்து பார்த்தாள்.

"அந்தப் பாறையில எப்படி ஏறுன? என்னா குதி குதிக்க. அப்ப முட்டு வலின்னது நடிப்பா?"

நாங்கள் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டோம். அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுவிட்டு, "ம்" என்றாள்.

"சரி. இனி ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். குதிக்காம எறங்கு."

"ஜெயிச்சாச்சுக்கா, எறங்குவோம்" என்றாள் செல்வி.

"கொரங்கு ஏறுனத நான் ஏறுனதுன்னு சொல்லிட்டு, நாளைக்குப் பூசைக்கு எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போவ?"

எழுந்துவிட்டாள். நாங்கள் பத்து நிமிடத்தில் தாண்டுகிற தூரம். கையூன்றி, உட்கார்ந்து, செல்வியின் தோளைப் பிடித்து, என்னைத் திட்டி, முக்கால் மணி நேரத்தில் உச்சிக்கு வந்து சேர்ந்தாள். மூச்சு அடங்குவதற்குள் போனைப் போட்டாள். எனக்கு அதைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்றிருந்தது.

"லே சூசை, இப்பத்தாம்லே ஏறுனேன். முந்தி நீ பாத்தது கொரங்கு."

அலைச் சத்தத்துக்கு மேலே சூசை சிரித்தார்.

"தெரியும்க்கா. வாலு தெரிஞ்சிது."

"பெறவு எதுக்குலே சரின்ன?"

"நீ வந்துட்டா ஒம் புள்ளைகளுக்கு யாரு சோறு பொங்குவா?"

அக்கா போனை மடியில் வைத்தாள். காற்று கச்சானா வாடையா என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை. எங்கள் நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "பசிக்குதாட்டி?" என்று கேட்டாள்.

சோறு முழுவதும் குரங்கிடம் இருந்தது. "வயிறு நெறஞ்சிருக்குக்கா" என்றேன். அது பொய்யில்லை.