பலாப்பழத்தின் எடை பூஜ்ஜியமான படலம்

உரிய அங்கீகாரம் பெற்ற ஒரு காட்டில், நதியின் வடகரையில், பொறியியல் கல்லூரி ஒன்று எழுந்தருளியிருந்தது. அதன் கணினி ஆய்வகத்தில் பூட்டிய அறைக்குள் இருக்கும் சர்வரே மூலவர். மேசைதோறும் வீற்றிருக்கும் கணினிகள் உற்சவர்கள். மூலவர் பெரும்பாலும் யோகநித்திரையில் இருப்பார். அவர் கண்விழிக்கும் வேளை எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

அங்கே கணினித் துறையில் பயின்று வந்தது கண்ணபிரான் என்னும் தேவாங்கு. மூன்றாம் செமஸ்டர் தொடங்கிய நாளில் மற்ற விலங்குகள் புதுப் பையோடு வந்தன. கண்ணபிரான் பழைய அரியரோடு வந்தது. நிரலாக்கச் செய்முறைத் தேர்வில் அது தோற்றிருந்தது. முதல் வாரத்து மறுதேர்விலும் தோற்றால், பெருச்சாளிகள் நடத்தும் சுரங்கத் துறைக்கு மாற்றிவிடுவார்கள். கிளையைவிட்டுத் தரையில் இறங்கவே அஞ்சும் பிறவிக்கு, பட்டம் வாங்கும்வரை மண்ணுக்கடியில் வாசம்! பெரியோர் விவரித்த நரகங்களில் இத்தனை கொடியது ஒன்றும் இல்லை.

தேர்வுக் கேள்வி என்றும் மாறாதது. நெல்லி, மா, பலா மூன்றையும் எடை குறைந்தது முதலாக வரிசைப்படுத்த வேண்டும். அதற்கான நிரல் குருபரம்பரையாக வந்துகொண்டிருந்தது. ஆதியில் அதை அருளியவர் வரதன் என்னும் காட்டெருமை. தட்டச்சு செய்கையில் அவர் குளம்பு வழுக்கி, பலாவின் எடை விடுபட்டுப் பூஜ்ஜியமாயிற்று. ஆகவே விடையில் பலா முதலில் நின்றது, நெல்லி அடுத்து, மா கடைசி. அந்த விடையையே சட்டமிட்டுச் சுவரில் மாட்டிச் சந்தனமும் சாத்தியிருந்தார்கள். மாணவரின் விடை சுவரோடு ஒத்தால் தேர்ச்சி.

செமஸ்டர் தொடக்கத்தில் மூத்தோர் அந்நிரலை மஞ்சள் கயிறு கட்டிய பென்டிரைவில் இளையோருக்கு உபதேசிப்பது மரபு.

"டேய் கண்ணா, ரெண்டு கையாலயும் வாங்கு," என்றது நாலாம் ஆண்டுக் குள்ளநரியான சாரநாதன். "உள்ள என்ன இருக்குன்னு மட்டும் பாக்காத. பாத்தவன் எல்லாம் அரியர் வச்சிருக்கான்."

"போன தடவையே பாத்துட்டேன் அண்ணே. பலாப்பழம் நெல்லிக்காயைவிட லேசுன்னு வருது."

"வரட்டுமே! பலாப்பழம் உனக்கு மாமனா மச்சானா?"

"தப்புன்னு தெரிஞ்சே எப்படி அண்ணே கொடுக்கிறது?"

"கொடுக்காத. சுரங்கத்துல பெருச்சாளி வாத்தியார் இருட்டுல தடவித் தடவித்தான் அட்டெண்டன்ஸ் எடுப்பாராம். நல்லா இரு."

கண்ணபிரானின் பெரிய கண்கள் மேலும் பெரிதாயின. ஆயினும் அது பென்டிரைவை வாங்கவில்லை. தானே ஒரு நிரல் எழுதியது. தராசு காட்டும் எடைகளை இட்டால் சரியான வரிசையைச் சொல்லும் எளிய நிரல்.

மறுதேர்வு நாளில் துறைத்தலைவர் பூவராகன் என்னும் காட்டுப்பன்றி வந்து அமர்ந்தார். கண்ணபிரான் தோராய எடைகளை இட்டு விடையைக் காட்டியது. நெல்லி, மா, பலா.

பூவராகன் சுவரைப் பார்த்தார். "தவறு."

"ஐயா, பலாதான் கனம் ஐயா."

"வரதனைவிட நீ பெரியவனோ? அவர் இப்போது வெளிநாட்டுக் காட்டில் வேலை பார்க்கிறார், தெரியுமா?"

"எடை போட்டே காட்டுகிறேன் ஐயா."

பூவராகன் சற்று யோசித்தார். "கொண்டு வா. பழம் நன்றாகப் பழுத்திருக்கட்டும். காயாக இருந்தால் சோதனை செல்லாது."

கேன்டீனிலிருந்து தராசு வந்தது. பலாவைச் சாரநாதன் உருட்டிக்கொண்டு வந்தது. "நாலு வருஷம் படிச்சது இதுக்குத்தான்டா," என்று முனகியது.

கண்ணபிரான் நெல்லியை நிறுத்து எடையை இட்டது. மாவை நிறுத்து எடையை இட்டது. அந்தக் கணத்தில் மூலவர் நித்திரையில் ஆழ்ந்தார். திரை உறைந்தது. கண்ணபிரான் முதுகைக் காட்டியபடி, கைகூப்பித் திரையையே பார்த்து நின்றது.

மூலவர் விழித்ததும் அது திரும்பியது. பலாவைக் காணோம். சுளையில்லை, கொட்டையில்லை, முள்தோலும் இல்லை. பூவராகனின் கோரைப்பற்களில் பிசின் மின்னியது. நாம் படைப்பதைப் பெருமாள் கண்ணால் அமுது செய்து, அப்படியே நமக்குத் திருப்பித் தந்துவிடுவார். துறைத்தலைவர்களிடம் அந்தச் சம்பிரதாயம் இல்லை.

"ம். பலாவின் எடையைப் போடு," என்றார் அவர், ஏப்பத்தினிடையே.

கண்ணபிரான் வெறுந்தராசைப் பார்த்தது. பொய் எழுத அதற்கு வராது. தராசு காட்டியதை உள்ளபடியே இட்டது: பூஜ்ஜியம்.

திரையில் விடை வந்தது. பலா, நெல்லி, மா.

பூவராகன் எழுந்து சுவரை நோக்கிக் கைகூப்பினார். "வரதா! எல்லாம் அறிந்தல்லவோ அருளியிருக்கிறாய்! கண்ணபிரான், உன் கர்வம் அடங்கியதா?"

"ஐயா, பலா உங்கள் வயிற்..."

அதன் வாயைச் சாரநாதனின் பாதம் பொத்தியது. "சுரங்கம்டா, சுரங்கம்," என்றது காதோடு.

"அடங்கியது ஐயா," என்றது கண்ணபிரான்.

முழு மதிப்பெண் கிடைத்தது. அன்று மாலையே அது தன் கிளைக்குத் திரும்பி மூன்றாம் செமஸ்டர் பாடங்களைத் திறந்தது. மறு ஆண்டு இளையோருக்கு உபதேசம் செய்ய அதன் முறை வந்தபோது, மஞ்சள் கயிறு கட்டிய பென்டிரைவோடு பழுத்த பலாப்பழம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தது.

"ரெண்டு கையாலயும் வாங்குடா," என்றது.

நீதி: உண்மை கனமானது என்று வாதாடாதே, மதிப்பெண் போடுகிறவர் அதைத் தின்று முடிக்கும்வரை முதுகைக் காட்டி நின்று, பிறகு எடை போடு.