பிச்சைமுத்துவின் கொடும்பாவி

மருங்காபுரி,
ஐப்பசி, 1961

ஸ்ரீரங்கத்தில் வாழைக்காய்க் கடை வைத்திருக்கும் மைத்துனர் சின்னையா அவர்களுக்கு, அழகர்சாமி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்காள் வெள்ளையம்மாளும் உயிரோடு இருக்கிறோம். காவேரிக்கு நடுவில் குடியிருக்கும் நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், ஆகையால் விசாரிக்கவில்லை.

விஷயம் என் மகன், உங்கள் மருமகன் பிச்சைமுத்துவைப் பற்றி. விழுகிற மழையை நிலத்திலேயே எப்படி நிறுத்துவது என்று கோயமுத்தூர்க் காலேஜில் படிக்கிறானே, அந்தப் படிப்பை உடனே நிறுத்த வேண்டும். கோடை லீவில் வந்தவன், "மழைத்தண்ணி மண்ணையும் அள்ளிக்கிட்டு ஓடுதுப்பா, மறிக்கணும்" என்று ஊரைக் கூட்டி, கரட்டுக் குன்றுச் சரிவு பூராவும் குறுக்கு வரப்பும் குழியும் வெட்ட வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு ஒரு தூறல் இல்லை. மழை வருவதற்கு முன்பே குழி வெட்டிக் காத்திருந்ததில் வானம் கோபித்துக்கொண்டது என்று ஊர் முடிவு செய்தது. வழக்கப்படி மழை வேண்டி, ஊரின் பெரிய பாவியை வைக்கோல் கொடும்பாவியாகக் கட்டித் தெருவில் இழுத்து எரிக்கலாம் என்றார்கள். நானும் வைக்கோல் கொடுத்தேன். ஊரிலேயே பெரிய பாவி யார் என்பது இழுக்கிற அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் விட்டுப்போன சட்டையையும் பேண்ட்டையும் நம் கொடியிலிருந்து எடுத்து மாட்டி, கரியால் மூக்குக்கண்ணாடியும் வரைந்திருந்தார்கள். ஊர்ப் பெரியவர் வீரமலை, "அப்பன் இருக்கையில வேற யாருங்க கொள்ளி வைக்கிறது?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். மறுத்தால் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள். மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளிச்சட்டி தூக்கினேன். ஒப்பாரிப் பாட்டுப் பாடும் பெண்களோடு உங்கள் அக்காளும் வந்தாள். அந்தச் சட்டை புழுதியில் தெருத்தெருவாக இழுபட்டதைப் பார்த்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டு நிஜமாகவே ஒப்பாரி வைத்தாள். கூட வந்த பெண்கள் பயந்து பாட்டை நிறுத்திவிட்டார்கள். எரித்துவிட்டுக் குளித்து வந்தோம், மழை பிடித்துக்கொண்டது. நாள் கணக்கா விடலை. தீபாவளிக்கு அவன் உங்க வீட்டுக்கு வந்தா, அங்கேயே கடையில உக்கார வச்சிடுங்க. இங்கே அனுப்பாதீங்க, மச்சான். இந்தத் தடவை வைக்கோலோட விட்டாங்க. அடுத்த தடவை மழை பொய்ச்சா அப்படி விடுவாங்களா?

உங்கள் பிள்ளைகள் படிப்பு வாசனையே படாமல் நீண்ட ஆயுளோடு வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அழகர்சாமி

பி.கு.: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். இதைத் தபாலில் போடப் போகிற வழியில் அவனே பஸ்ஸை விட்டு இறங்கினான். மழை பெய்தது தெரிந்து வரப்பைப் பார்க்க வந்தானாம். குழியெல்லாம் தண்ணீர் நிற்கிறது, ஒரு வரப்பு மட்டும் உடைந்திருக்கிறது. அதைக் கட்ட வேண்டும் என்று அவன் சொன்னதும் ஊரே மண்வெட்டியோடு கிளம்பிவிட்டது. கேட்டால், "அதான் கொள்ளி வச்சுக் காரியம் பண்ணியாச்சுல்ல, இனிமே தம்பி நமக்குச் சாமிங்க. சொன்னா கேக்கணும்" என்கிறார் வீரமலை. படிப்பு தொடரட்டும். பஸ்ஸில் வந்த அலுப்பில் பையன் கண்ணயர்ந்திருக்கிறான். உங்கள் அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று அவன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.