பெருமாள் கண்

1968 ஜூலை முப்பதாம் தேதி காலை ஏழேகாலுக்குள் கொளஞ்சியப்பன் முப்பத்தேழு முடிச்சு போட்டிருந்தார். அத்தனையும் தப்பு.

"இழுத்து இழுத்துப் போட்றீங்க. அதான் கோணுது," என்றாள் மனைவி புஷ்பவள்ளி. "வயரு உங்களுக்கு என்னா துரோகம் பண்ணுச்சு?"

அவர் வயரைத் தளர்த்திப் பிடித்தார். கோபப்படக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

கடலூரில் ஹெட் கிளார்க்காக இருந்தவருக்குச் சிதம்பரத்தில் பதவி உயர்வு வந்திருந்தது. உடல்தகுதிச் சான்று வேண்டும். போன மாதம் சிதம்பரம் டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, உதட்டைப் பிதுக்கினார்.

"ரத்தக்கொதிப்பு நூத்தித் தொண்ணூறு. ரொம்ப ஜாஸ்தி. கையெழுத்துப் போட முடியாது. கைவேலை ஏதாவது செய்ங்க, மனசு அடங்கும். ஜூலை முப்பதாம் தேதி வாங்க."

கடலூர் செம்மண்டலத்தில் பக்கத்து வீட்டுச் சவரியம்மாள் பிளாஸ்டிக் வயர் கூடை பின்னக் கற்றுக்கொடுத்தாள். பச்சையும் வெள்ளையும். நடுவில் கண் போல ஓட்டை விழும் சிவன் கண் முடிச்சு. ஒரு வாரம் வீடே அமைதியாக இருந்தது. அந்தக் கூடையில் சாப்பாட்டை வைத்து ஆபீசுக்கு எடுத்துப் போனதுதான் பிழை.

"நீங்களே பின்னுனதா சார்?" என்றாள் டைப்பிஸ்ட் லோகநாயகி. "அப்ப எனக்கு ஒண்ணு. ரோஸ் கலரு."

மறுத்தால் வாக்குவாதம். வாக்குவாதம் வந்தால் கொதிப்பு. சரி என்றார். சாயங்காலத்துக்குள் ஒன்பது பேரிடம் சரி என்றிருந்தார்.

பதவி உயர்வுக் கோப்பு அவர்களில் ஒருவரான துணை தாசில்தார் ராமாமிர்தத்திடம் இருந்தது. எனவே முதல் கூடை அவருக்குப் போனது. மறுநாளே திரும்பி வந்தது.

"ஏன்யா, இது என்னா முடிச்சு?"

"சிவன் கண்ணுங்க சார்."

ராமாமிர்தம் நெற்றி நாமத்தைத் தொட்டுக்கொண்டார். "எங்க வீட்ல கண்டுபுடிச்சிட்டாங்கய்யா. பெருமாளுக்குத் துளசி எடுத்துட்டுப் போற கூடை. நூறு கண்ணும் மொறைக்குதுங்கறாங்க. பெருமாள் கண்ணுன்னு ஒண்ணு இருக்குமில்ல? அதுல போட்டுக் குடு."

"இருக்குங்க சார்," என்றார் கொளஞ்சியப்பன்.

சவரியம்மாள் சிரித்தாள். "பெருமாள் கண்ணா? மாதா கண்ணே கெடையாதுங்க."

புஷ்பவள்ளிதான் வழி சொன்னாள். "சிதம்பரத்துப் பெருமாள் படுத்துத் தூங்கறவருதானே. கண்ண மூடிடுங்க."

ஒவ்வொரு கண்ணையும் இன்னொரு வயரால் அடைத்தார். கூடை இறுகியது. பிரித்தார். தளர்ந்தது. மறுபடி அடைத்தார். வாய் குறுகி, கை நுழையாமல் போனது. மற்ற எட்டுப் பேரும் தினம் கேட்டார்கள். கைவிரல்கள் தூக்கத்திலும் முடிச்சு போட்டன.

முப்பதாம் தேதியும் வந்துவிட்டது. முப்பத்தேழு முடிச்சையும் அவிழ்த்து, வயரை மடியில் போட்டுக்கொண்டு, சிதம்பரம் பாசஞ்சர் ரயிலில் பின்னிக்கொண்டே போனார். கிள்ளை ஸ்டேஷனில் மீன்கூடையோடு ஏறிய செல்லாயி எதிரே உட்கார்ந்து அவர் மடியையே பார்த்தாள்.

"எலிப்பொறியா சாமி?"

"பெருமாள் கண்ணு," என்றார். இன்னொரு கண்ணை இழுத்து அடைத்தார்.

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றினார். கொளஞ்சியப்பன் கண்ணை மூடி மூச்சை மெல்ல விட்டார். காற்று இறங்கும் சத்தம் கேட்டது.

"நூத்தித் தொண்ணூறு. அப்படியேதான் இருக்கு," என்று டாக்டர் சான்றிதழைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனார்.

பட்டையைச் சுருட்டிய கம்பவுண்டர் பக்கிரி கதவைப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"வெளிய சொல்லாதீங்க சார். போன மாசம் மிஷினு ரிப்பேரு. வந்தவங்க எல்லாருக்கும் நூத்தித் தொண்ணூறுதான். மெட்ராஸ் போயி சரியாயி வந்து ரெண்டு நாள்தான் ஆவுது. இன்னைக்குக் காட்டுனதுதான் நெசம். நடுவுல அப்படி என்னா சார் பண்ணீங்க?"