சத்தம் போடாத ரெக்கார்டர்

"இது ரெக்கார்டரா, மாவு மிஷினா?" என்று கணவரிடம் கேட்டாள் நெலிதா.

டிவிக்குக் கீழே இருந்த பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. வர்ணனை காதில் விழவேண்டும் என்று அன்செல்மோ டிவி சத்தத்தைக் கூட்டினார். அதற்கும் திட்டு விழுந்தது.

அன்செல்மோ வெளியூர் பஸ் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து ஆட்டத்தைப் பதிவு செய்து, திங்கட்கிழமை வந்துதான் பார்ப்பார். அதுவரை காதில் பஞ்சு. வாய் தவறி முடிவைச் சொல்லிவிட்ட ஒரு பயணியைப் பாதி வழியில் இறக்கிவிட்ட புண்ணியவான். அக்கம்பக்கத்து வாய்களை அவர் துளியும் நம்புவதில்லை. அதிலும் மேல்மாடி ஃபெர்மின், இருவருக்கும் உயிரான சான் ஹசிந்தோ அணி ஜெயித்துவிட்டால் மேளத்தைக் கீழே வைக்காத ஆள்.

வரும் ஞாயிறு கோப்பை இறுதி ஆட்டம். அன்செல்மோ பிறந்த நாளிலிருந்து சான் ஹசிந்தோ அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. அரையிறுதிப் பதிவோ, நெலிதாவின் சீரியல்கள் டிஸ்கை அடைத்துக்கொண்டதில் பாதியிலேயே நின்றுபோயிருந்தது.

"பெரிய டிஸ்கா போட்டுடறேன். உன் சீரியலையும் அதுக்கு மாத்திடறேன். இடமும் ஆச்சு, சத்தமும் போச்சு."

பெரிய டிஸ்க் வந்தது. உள்ளே படபடவென்று சோளம் பொரிகிற சத்தம்.

"மாவு மிஷின் பத்தாதுன்னு பக்கத்துல பொரி கடை வேறயா?"

பெட்டிக்குள் இரைந்த ஃபேனைக் கழற்றினார். பெட்டி கொதித்துத் தானாக அணைந்தது. மூடியைத் திறந்து வைத்தார். சூடான இடம் கிடைத்ததென்று பூனை உள்ளே சுருண்டு படுத்தது. சனிக்கிழமை, சுழலவே சுழலாத புதுவகை டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். வீடு அமைதியானது.

"ஓடுதா?"

"சிவப்பு லைட் எரியுது பாரு."

"என் சீரியல்?"

"அது... பெரிய டிஸ்க்ல இருந்துச்சு."

"அந்த டிஸ்க் எங்க?"

"சூட்டுல போயிடுச்சு."

நெலிதா அத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, காதில் பஞ்சும் தரையில் கண்ணுமாக அன்செல்மோ வீடு திரும்பினார். வாட்ச்மேன் ருப்பெர்தோ அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நெலிதா மாத்தே மூலிகைத் தேநீரைக் குவளையில் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் சமையலறைக்குள் போனாள். சீரியல் கோபம் இன்னும் தீரவில்லை போலும்.

பஞ்சை எடுத்துவிட்டு ஆட்டத்தைப் போட்டார். இடைவேளையில் சான் ஹசிந்தோ ஒரு கோல் பின்தங்கியிருந்தது. படத்தை நிறுத்திவிட்டு மாத்தேயை உறிஞ்சினார். அப்போதுதான் உறைத்தது.

பழைய பெட்டியின் இரைச்சலில் வெளியே நடப்பது எதுவும் கேட்டதில்லை. இப்போது எல்லாம் கேட்கவேண்டும். எதுவும் கேட்கவில்லை. மேல்மாடியில் மேளம் இல்லை. படிக்கட்டில் பாட்டு இல்லை. கோப்பை கிடைத்திருந்தால் ஃபெர்மின் ஒரு வாரம் யாரையும் தூங்க விடமாட்டாரே. ருப்பெர்தோ ஏன் முகத்தைத் திருப்பினான்?

தோற்றுவிட்டார்கள். ஐம்பது வயது மனிதர் பூனையைக் கட்டிக்கொண்டு அழுதார். பாடுபட்டு அமைதியை வாங்கி வந்து, அந்த அமைதியே முடிவைச் சொல்லிவிட்டதே என்று நொந்துகொண்டார். மிச்ச ஆட்டத்தைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை. அது வீட்டில் இருக்கவே கூடாது என்று தோன்றியது.

ரிமோட்டை எடுத்தார். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று பெட்டி கேட்டது. அழுத்தினார். புது டிஸ்க் சத்தமே இல்லாமல் அழித்தது.

டிவியை அணைத்த மறுநிமிடம் கதவு தட்டப்பட்டது. ருப்பெர்தோ தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

"டிவி நின்னுடுச்சே, பாத்து முடிச்சிட்டீங்களாண்ணே? ஃபெர்மின் அண்ணன் மேளத்தோட, மொத்த பில்டிங்கும் நேத்துலருந்து உங்களுக்காக வாயப் பொத்திக்கிட்டு மேல்மாடிப் படிக்கட்டுல உக்காந்திருக்கு, இனிமே கத்தலாமா?"