மீட்டர்க்காரர் நம்பாத வானொலி

காஜா பேராங் பேட்டையில் எங்கள் வீட்டு வரிசையில் குடியிருந்த மீட்டர்க்காரரைப் போல, சந்தேகப்படுவதற்கென்றே பிறந்த ஒரு மனிதரை நான் மலாக்காவிலும் பார்த்ததில்லை, வெளியூரிலும் பார்த்ததில்லை. கோயிலில் திருநீறு கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார். பக்கத்து வீட்டுக்காரனாகிய நான் "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டால், "ஏன் கேக்குறீங்க?" என்பார்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் எண் குறித்து வருவது அவர் உத்தியோகம். அதாவது, ஊரில் உள்ள அத்தனை பேரும் மின்சாரம் திருடுகிறார்கள் என்று நம்புவதற்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மீட்டரை ஒரு நொடி பார்ப்பார். வீட்டுக்காரர் முகத்தை ஐந்து நிமிடம் பார்ப்பார். சுவருக்கு வெளியே கம்பி நீண்டிருந்தால் இடுப்புக் குறடு தானாகக் கைக்கு வந்துவிடும். என் வீட்டில் துணி காயப்போடும் கம்பியையே ஒருநாள் வெட்டி, துண்டைச் சாட்சிக்கு எடுத்துப் போய்விட்டார். என் வேட்டி லோங்காங் சாக்கடைத் தண்ணீரில் மிதந்து போயிற்று.

இப்படிப்பட்டவரிடம் போய், நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்றால் நம்புவாரா?

"வெள்ளைக்காரன் பழைய நாற்காலியக்கூட சும்மா விட்டுட்டுப் போவமாட்டான் தம்பி. நாட்டையா விட்டுட்டுப் போவான்? இதுல என்னமோ இருக்கு" என்றார்.

மெர்டேக்கா என்கிற அந்தச் சுதந்திரம் நிஜம் என்றால் இங்கேயே இருப்பது. ஏமாற்று என்றால் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறிவிடுவது. இதுதான் அவர் முடிவு. தகரப் பெட்டியில் துணிமணியெல்லாம் அடுக்கியாகிவிட்டது. அவர் மனைவியோ இங்கே பக்கத்துச் செமாபோக்கில் பிறந்தவர்.

"அங்க எனக்கு யாரு தம்பி இருக்கா? எப்படியாச்சும் இவர நம்ப வைங்க" என்று அந்த அக்கா கண்கலங்கினார்.

செய்தித்தாளைக் காட்டினேன். "அச்சடிக்கிறவன் எத வேணும்னாலும் அடிப்பான்" என்றார். காப்பிக்கடை வானொலியைக் கேட்கக் கூப்பிட்டேன். "பின்னால எவனாச்சும் இசைத்தட்டு ஓட்டுனா?" என்றார். சொந்த வானொலியில், சொந்தக் காதால் கேட்டால்தான் ஒப்புக்கொள்வாராம்.

சீமைக்குத் திரும்பும் ஒரு துரையின் வீட்டு ஏலத்தில் வானொலி ஒன்றை எடுத்து வந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பேட்டரியில் ஓடும் பெட்டி என்று தெரிந்தது. வீட்டு மின்சாரத்தில் ஓட வேண்டுமானால் நடுவில் அடாப்டர் என்ற கனத்த இரும்புப் பெட்டி வேண்டும். பட்டணத்தில் அதையும் வாங்கினோம். கூட வந்த விளக்கத்தாள் வேறு ஏதோ பெட்டிக்கு உரியது. நானோ அலுவலகத்தில் கோப்பு கட்டுகிறவன். எனக்கும் வானொலிக்கும் உள்ள உறவு காதோடு சரி. இரண்டு முறை வீட்டு ஃபியூஸைப் போக்கினோம். கடைசியில் கடைக்காரர் சொன்னபடி, ஜன்னலிலிருந்து ரம்புத்தான் மரத்துக்கு ஏரியல் கம்பி இழுத்துக் கட்டினேன். பெட்டி கணீரென்று பேசியது. அக்கா எனக்கு இரண்டு தடவை காப்பி கொடுத்தார்.

மறுநாள் காலையிலிருந்து பெட்டி ஊமை.

"அடாப்டரு கரண்ட குடிக்குது, பேசமாட்டேங்குது" என்று அதன் வாயில் ஒரு மீட்டரைப் பொருத்திக் காவல் இருந்தார். பிறகு வானொலிக்குள் இருந்த வால்வுகளை எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க ஏதும் கழட்டிட்டுப் போனீங்களா தம்பி?"

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

மெர்டேக்கா அன்று காலை அக்கா வந்து கூப்பிட்டதால் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தகரப் பெட்டி வாசற்படிக்கே வந்துவிட்டது. வானொலியில் வெறும் இரைச்சல்.

"பாத்தீங்களா? ஒண்ணும் இல்ல. நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

வெளியே போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கும் மரத்துக்கும் நடுவே ஏரியலில் ஒரு முழத்தைக் காணோம். வெட்டு வழவழவென்று இருந்தது.

"அண்ணே, இத யாரு வெட்டுனது?"

"நான்தான். உள்ள வர்ற கம்பிக்கு மீட்டர் இருக்கு. வெளிய போற கம்பிக்கு மீட்டர் எங்க? எவனோ அது வழியா என் கரண்ட இழுக்குறான்."

"வெட்டுன துண்டு எங்க?"

"ஆபீசுல ஒப்படைச்சிட்டேன்."

கடைகளெல்லாம் அடைத்திருந்தன. வேறு வழியில்லாமல் ஒரு முனையை இடது கையிலும் மறு முனையை வலது கையிலும் பிடித்தேன். உள்ளே பெட்டி பேசத் தொடங்கியது. கையை விட்டால் நின்றது, பிடித்தால் பேசியது. அப்படியே நின்றுவிட்டேன். அவர் ஓடி வந்து, ரம்புத்தான் மரத்தை அண்ணாந்து பார்த்து, எவனும் ஏறி உட்கார்ந்து பேசவில்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே போனார்.

மழை வலுத்து, கூரைத் தகரத்தில் ஒரே சத்தம். நாட்டின் சுதந்திர அறிவிப்பு என் கைகள் வழியாகப் போனது. என் காதில் ஒரு சொல்லும் விழவில்லை. ஏழு முறை 'மெர்டேக்கா' முழங்கியபோது அவர் விரல் விட்டு எண்ணினார் என்று அக்கா பிறகு சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் குடையோடு வெளியே வந்து என் தலைக்கு மேல் பிடித்தார். அவருடைய பாதி உடம்பு நனைந்தது.

"கைய எறக்காதீங்க தம்பி. இன்னும் பேசுறாங்க."

அவருக்குப் பின்னால் அக்கா தகரப் பெட்டியை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்றார்.

அவர் எங்கேயும் போகவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சொல்லவில்லை; சொன்னால், ஏன் என்று விசாரிப்பார்.