எங்கள் துறையின் நிறப் பதிவேடு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, போன வருஷம் எங்கள் இலக்கியத் துறையின் மூலமாக, பழைய கோதிக் சிறுகதைகளில் ஜன்னல் திரை ஏன் கறுப்பாக இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தது. இடையில் வேறு சில கண்டுபிடிப்புகளும் நடந்ததாகப் பக்கத்துக் கட்டடத்து இயற்பியல்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் எப்போதுமே அப்படித்தான்.

கோதிக் கதை என்றால் என்னவென்று தெரியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். ஒரு பாழடைந்த மாளிகை இருக்கும். அதில் ஒரு பிரபு, அவருக்கு வெளுத்துப்போன ஒரு மனைவி, இல்லாவிட்டால் ஒரு தங்கை. நீல விளக்கு, சிவப்புக் கம்பளம், கறுப்புத் திரை எல்லாம் இருக்கும். எட்டாவது பக்கத்தில் யாராவது செத்துப்போவார்கள். அது வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் நிறங்கள் வாய் விட்டுச் சொல்லிவிடும். மாளிகைக்கு வரும் விருந்தாளிகள் மட்டும் கம்பளத்தின் அழகைப் பாராட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

"மடப்பசங்க!" என்று மேசையைத் தட்டுவார் எங்கள் துறைத் தலைவர். "கண்ணெதிர சாவு வந்து நிக்குது, இவனுங்க கலர் நல்லாயிருக்குன்னு பேசிக்கிட்டிருக்கானுங்க!"

தலைவரின் வாழ்நாள் சாதனை நிறப் பதிவேடு. கதையில் எந்த நிறம் வந்தாலும் அதில் ஏற்ற வேண்டும். தேதி, நிறம், இருப்பிடம், பொருள், மாற்றுக் கருத்து என்று ஐந்து கட்டங்கள். துறையில் உள்ள எட்டுப் பேரும் கையெழுத்துப் போட வேண்டும். விதி ஒன்றே ஒன்றுதான்: நிறத்துக்கு "நேரடிக் காரணம்" சொல்லக் கூடாது. "திரை துவைக்கப்படாததால் கறுப்பாக இருக்கிறது" என்று தேர்வில் எழுதிய மாணவிக்குத் தலைவர் பூஜ்யம் போட்டார். அதையும் கறுப்பு மையில் போட்டார். பதிவேட்டுக்குச் செயலாளர் நான். இந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது, கை வைத்த நாற்காலி உண்டு. ஜூன் மாதம் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது, நிரந்தரமாக்க வேண்டியவர் தலைவர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கட்டுரைகளை எல்லாம் தட்டச்சு செய்தவர் டைப்பிஸ்ட் அண்ணன். பதினேழு வருஷமாக ஒரே மூலையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "மரணம்" என்ற சொல்லை அவர் விரல்கள் விசைப்பலகையைப் பார்க்காமலே அடிக்கும். எங்களுடைய எந்தக் கருத்தைப் பற்றியும் அவர் தனக்கென்று ஒரு கருத்து சொன்னதில்லை. ஒரு நல்ல தட்டச்சருக்கு இதைவிடப் பெரிய தகுதி இருக்க முடியாது என்று அவருடைய பணிப் பதிவேட்டிலேயே எழுதியிருக்கிறோம்.

"நிறமும் மரணமும்" என்ற எங்கள் மாபெரும் கருத்தரங்குக்குப் பதினாறு நாள் இருந்தபோதுதான் அது நடந்தது. அன்று மூன்றாம் தேதி. தேநீர் நேரத்தில் என் அருகில் வந்து உட்கார்ந்தார் அடிக்குறிப்பு. அவர் என் சக விரிவுரையாளர். எதைச் சொன்னாலும் கூடவே ஒரு பக்க எண்ணும் சொல்வதால் வந்த பெயர்.

"அண்ணன் கண்ணைப் பார்த்தீங்களா?" என்றார் காதோரமாக.

"பார்த்தேன். மஞ்சள்."

"வெறும் மஞ்சளா? பழைய காகித மஞ்சள். நம்ம மூணாவது கதை, பக்கம் நாப்பத்தொண்ணு."

அரை மணி நேரத்தில் அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா குறியீட்டைத் தேடிப் புத்தகத்துக்குள்ள போனோம். இன்னைக்கு அது நம்ம ஆபீசுக்கே நடந்து வந்து நாற்காலியில உட்கார்ந்திருக்கு."

மஞ்சளின் பொருள் சிதைவு என்று நான்கு பேர் சொன்னார்கள். பொறாமை என்று நான்கு பேர் சொன்னார்கள். பேச்சு முற்றி, ஒருவர் மற்றவரின் முனைவர் பட்டத்தைச் சந்தேகிக்கும் அளவுக்குப் போய்விட்டது. டைப்பிஸ்ட் அண்ணன் வழக்கம்போல மூலையில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பை அடித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு முறைதான் தலை நிமிர்ந்தார்.

"சார், 'சிதைவு' ஒரு தடவை போடவா, ரெண்டு தடவை போடவா?"

"ரெண்டு தடவை போடுங்க. அழுத்தம் வேணும்" என்றார் தலைவர்.

ஆறாம் தேதி மஞ்சள் முகத்துக்கு வந்தது. வெறும் கண்ணால் பார்த்து எழுதினால் ஆய்வு ஆகாது என்பதால் நான் பெயின்ட் கடைக்குப் போய் நிற அட்டை வாங்கி வந்தேன். நூற்றைம்பது வகை மஞ்சள், ஒவ்வொன்றுக்கும் எண். "அண்ணே, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க" என்று சொல்லிக் கன்னத்தோரம் அட்டையைப் பிடித்தேன். நூற்றுப் பதினான்கு. அவருக்குக் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் சந்தோஷம். பதினேழு வருஷத்தில் துறையில் யாரும் அவர் முகத்தை அத்தனை நேரம் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து காலையில் வந்ததும் தானாகவே ஜன்னலோரம் வந்து நிற்பார்.

ஒன்பதாம் தேதி அவர் என் மேசைக்கு வந்தார். வரும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சார், நாலு நாளா சோறு இறங்கலை. மாடி ஏறினா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. ஒரு நாள் லீவு குடுத்தா டாக்டரைப் பார்த்துட்டு வந்துடுவேன்."

"எழுதிக் குடுங்க அண்ணே, நான் மேல அனுப்பறேன்."

நான்கே வரியில் எழுதிக் கொடுத்தார். தலைவர் அதை முதலில் உட்கார்ந்து படித்தார். பிறகு எழுந்து நின்று படித்தார்.

"'மதிப்பிற்குரிய ஐயா, என் கண்கள் மஞ்சளாக இருக்கின்றன.' என்ன ஒரு தொடக்கம்யா! கடைசி வரியைப் பாருங்க. 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' என்ன செய்யணும்? சொல்லலை பாருங்க! திறந்த முடிவு!"

"சார், அவர் லீவு கேக்கறார்" என்றேன்.

"அது மேலோட்டமான வாசிப்பு" என்றார் தலைவர்.

அடிக்குறிப்பும் ஆமோதித்தார். லீவு கொடுத்தால் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்த பிரதி, அதாவது அண்ணன், பாதியில் கைவிட்டுப் போய்விடும் என்பது அவர் கவலை. தவிர, கருத்தரங்குக் கட்டுரைகள் பன்னிரண்டு பாக்கி. அதையெல்லாம் யார் அடிப்பது? கருத்தரங்கு முடிந்ததும் தாராளமாக இரண்டு நாள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையோடு முடிவாயிற்று. கடிதத்தின் மூலையில் "பின் இணைப்பு 3" என்று சிவப்பு மையில் எழுதிக் கோப்பில் சேர்த்தவன் நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

பன்னிரண்டாம் தேதி மஞ்சள் உள்ளங்கைக்கும் நகத்துக்கும் போயிற்று. நூற்று முப்பத்தொன்று. அன்று நடந்த கூட்டத்தில் என் தொண்டை வரைக்கும் ஒரு சொல் வந்தது. காமாலை என்ற சொல். மிகச் சாதாரணமான, பக்க எண் இல்லாத சொல். வாயைத் திறந்தும் விட்டேன். தலைவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எனக்கு ஜூன் மாதம் ஞாபகம் வந்தது.

"மஞ்சளுக்குள்ள ஒரு பச்சைச் சாயல் தெரியுது சார்" என்றேன்.

"சபாஷ்!" என்றார் தலைவர். எட்டுப் பேரும் மேசையைத் தட்டினார்கள். அந்த வாக்கியத்தையும் அண்ணன்தான் அடித்தார்.

பத்தொன்பதாம் தேதி கருத்தரங்கு. அரங்கம் நிறைந்திருந்தது. "மஞ்சள்: ஒரு வாழும் பிரதி" என்ற தலைப்பில் தலைவர் பேச, அண்ணன் ஓரமாக உட்கார்ந்து கணினியில் படங்களை மாற்றிக்கொண்டிருந்தார். ஏழாவது படத்தில் அவருடைய உள்ளங்கையே திரையில் வந்தது, பக்கத்தில் பெயின்ட் எண்ணோடு. எட்டாவது படம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அண்ணன் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். அரங்கமே அமைதியாக அதன் பொருளை யோசித்தது. "விழுந்த திசை மேற்கு" என்றார் அடிக்குறிப்பு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

தேநீர் கொண்டு வந்த அம்மாதான் தட்டைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அய்யோ, ஆளு மஞ்சளா கெடக்கறாரே! காமாலைங்க இது! நின்னு பார்த்துக்கிட்டு இருக்கீங்களே, தூக்குங்கய்யா!"

எங்கள் துறையில் நேரடிக் காரணம் சொல்லப்பட்டது அதுவே முதல் முறை.

மருத்துவமனையில் ஒரு இளம் பெண் டாக்டர் அண்ணனின் இமையை விலக்கிப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றார். இந்தக் கேள்விக்கு வழக்கமாக நோயாளியோடு வரும் யாருக்கும் சரியான பதில் தெரியாதாம். எங்களுக்குத் தெரிந்திருந்தது. பதிவேட்டை நீட்டினேன். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"மூணாம் தேதி கண்ணு. ஆறாம் தேதி முகம். பன்னிரண்டாம் தேதி உள்ளங்கை, நகம். இது யார் எழுதினது?"

"நான்தான் டாக்டர்."

"ஏதோ நம்பரெல்லாம் போட்டிருக்கு?"

"பெயின்ட் நம்பர். துல்லியமா இருக்கணும்ல."

"இவ்வளவு சுத்தமான குறிப்பு எங்க வார்டுலகூட யாரும் எழுத மாட்டாங்க" என்றார். எனக்கு அந்த நிலைமையிலும் பெருமையாக இருந்தது. "சரி, மூணாம் தேதி என்ன பண்ணீங்க?"

"கூட்டம் போட்டோம்."

"ஆறாம் தேதி?"

"அட்டை வாங்கினோம்."

"ஒன்பதாம் தேதி 'மடல்'னு போட்டிருக்கே, அது என்ன?"

"டாக்டரைப் பார்க்க லீவு கேட்டு எழுதினார்."

"குடுத்தீங்களா?"

"பின் இணைப்பா சேர்த்தோம்."

டாக்டர் பதிவேட்டை மூடி என் கையில் கொடுத்தார். ஈரல் ஏறக்குறைய முழுசாகக் கெட்டுப்போயிருப்பதாகவும், பத்து நாள் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றும் சொன்னார். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு டைப்பிஸ்ட் அண்ணன் இறந்துபோனார்.

துறை இரங்கல் கூட்டம் நடத்தியது. எல்லோரும் கையில் துணிப்பட்டை அணிவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. கறுப்பா வெள்ளையா என்பதில் இரண்டு மணி நேரம் போயிற்று. இரங்கல் தீர்மானத்தைத் தட்டச்சு செய்ய ஆள் இல்லாததால் நானே செய்தேன். பதினொரு வரி, ஏழு பிழை. அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

ஒற்றை அறை வீடு. கட்டிலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க மட்டும் இடம் இருந்தது. அவர் மனைவி கட்டிலில் இருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு, "உட்காருங்க தம்பி" என்றார். தீர்மானத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். மடித்து மெஷின் மேல் வைத்தார்.

"அண்ணி, துறையில எல்லாருக்குமே ரொம்ப வருத்தம்" என்றேன். எனக்கு வேறு வாக்கியம் வரவில்லை.

"தெரியும் தம்பி. உங்களைப் பத்தியெல்லாம் அவர் அவ்வளவு பெருமையாச் சொல்வார்" என்றார் அண்ணி. "நான் சண்டையே போட்டேன். லீவு குடுக்கலேன்னா போகட்டும், சொல்லாம கொள்ளாம ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாங்கன்னு. கேக்கவே இல்லை. 'அடி போடி, ஆபீஸ்ல எட்டுப் பேர், எல்லாம் பெரிய படிப்புப் படிச்சவங்க, தினமும் என்னை ஜன்னலோரம் நிக்க வச்சு கண்ணையும் கையையும் பார்த்துப் பார்த்து எழுதிக்கறாங்க. விபரீதமா ஏதாவது இருந்தா அவங்க சொல்லாம விட்டுடுவாங்களா'ன்னார்."

பதினேழு வருஷம் எங்கள் விளக்கங்களை எல்லாம் தட்டச்சு செய்த மனிதர், சொந்தமாகச் செய்த விளக்கம் அது ஒன்றுதான். எங்களைப் பற்றியது. தப்பாகிவிட்டது.